தண்ணி ஊத்தாத குழி

முந்நூத்திப் பன்னெண்டு. இப்பவும் முந்நூத்திப் பன்னெண்டுதான். இந்தக் கம்ப்யூட்டருக்கும் என்னைய மாதிரி வயசாயிட்டு, ஒரு கணக்குப் போடுததுக்கு முன்னால உள்ளுக்குள்ள கரகரன்னு ஒரு இருமல், பெறகு ஒரு யோசனை, அதுக்கும் பெறகுதான் முந்நூத்திப் பதிமூணு. ஆயிரம் வரைக்கும் போகணும். எந்தப் பிராணிக்கு எது சொந்தம்னு காட்டுத மரம் இது, ஒரு தடவ வரைஞ்சா நம்ப முடியாதுல்லா, அதான் ஜீன் எழுத்த எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கிக் குலுக்கிப் போட்டு ஆயிரம் தடவ வரையச் சொல்லியிருக்கேன், அதுல எத்தன தடவ அதே ரெண்டு பேரு தோளோட தோளா வந்து உக்காருதாங்கன்னு எண்ணிச் சொல்லும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான், ஒரு பந்தியில பக்கத்துல இருந்தா தற்செயலு, தொள்ளாயிரம் பந்தியிலயும் பக்கத்துல இருந்தா சொந்தம். மணி ரெண்டே கால். மைனி, எங்க சொரிமுத்து அண்ணாச்சி வீட்டம்மா, நாலு மணிக்கு மரத்தப் பாக்க வாராவ. பந்தியில முப்பத்தோரு பேரு, மீனு, தவளை, பல்லி, கோழி, எலி, மாடு, மனுஷன், எல்லார்கிட்ட இருந்தும் ஒரே குடும்பத்து ஜீன் எடுத்து வச்சிருக்கு. அந்த ஜீன் செய்யுத ஹார்மோன் ரொம்பச் சின்னது, ஒம்பதே மணி கோத்த பாசிமாலை. ஒரு மணி ரெண்டு மணி மாறுனா வேலையே மாறிரும், ஒரு மாலை ஒடம்புல தண்ணிய நிப்பாட்டி வைக்கும், இன்னொரு மாலை பிரசவ வலியக் கொண்டு வரும், பால இறக்கும். அந்த ரெண்டாவது மாலைக்குத்தான் ஆக்சிடோசின்னு பேரு. மைனி ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல நர்ஸு, வாரத்துக்கு எத்தன பாட்டில்ல அதக் கலந்து சொட்டுச் சொட்டா ஏத்துதாவளோ. "என்ன கொழுந்தனாரே, நீங்களும் உங்க அண்ணாச்சியும் அதுக்குத் தாத்தா யாருன்னு தேடிக்கிட்டு இருங்க, நான் பேரன வச்சு இன்னைக்கு நாலு பிள்ள எடுத்துட்டேன்"ன்னு ஒரு நாள் சொன்னாவ. அப்ப அண்ணாச்சி இருந்தாவ. வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டே சிரிச்சாவ. முந்நூத்திப் பதினெட்டு.

சொரிமுத்து அண்ணாச்சி இந்த டிபார்ட்மென்ட்ல வாத்தியாரு, நான் அவருக்குக் கைவேலக்காரன், டிப்ளமோ முடிச்சிட்டு இருவத்திரெண்டு வருஷமா மெஷின் ஓட்டுதவன். மரம் வரையும்போது வேருக்குன்னு ஒரு தூரத்து ஆளு வேணும், அவன் வெளிய நின்னாத்தான் உள்ள இருக்கவங்கள்ல யாருக்கு யாரு சொந்தம்னு தெரியும். இந்த மரத்துக்கு ஒரு நத்தை. டிபார்ட்மென்ட்டுக்கு நானு. எங்க சார் ஞானதிரவியம், அவருதான் பெரிய வாத்தியாரு, ஒரு சட்டம் வச்சிருக்காவ, மரம் முளைக்கிற வரைக்கும் எந்த எழுத்து வரிசைக்கும் பேரு கிடையாது, நம்பருதான். பேரு தெரிஞ்சா மனசு அங்க சாயும், கண்ணு அதையே தேடும்னு சொல்லுவாவ. ஒருத்தன் பேரெல்லாம் ஒரு தாள்ல எழுதி, நம்பர் போட்டு, கவர்ல வச்சு பின் அடிக்கணும், இன்னொருத்தன் நம்பர மட்டும் வச்சு மரம் போடணும். அண்ணாச்சி பின் அடிப்பாவ, நான் மரம் போடுவேன். இப்ப ரெண்டும் நான்தான். நேத்து நானே நம்பர் போட்டு, நானே கவர்ல வச்சு, நானே பின் அடிச்சு, நானே மறந்துட்ட மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பதினேழு. பதினேழாம் நம்பருதான் அண்ணாச்சி எடுத்து வச்சிட்டுப் போன ஜீன் டியூப்பு. மூணு வருஷமா ஃப்ரீசர்ல கெடந்தத போன வாரம் வெளியூர்க் கம்பெனிக்குக் கொஞ்சம் அனுப்பி, எழுத்து இன்னைக்குக் காலையில மெயில்ல வந்துது. வந்த எழுத்த அப்படியே எடுத்து உலகத்துப் பட்டியல்ல போட்டுத் தேடுனா, யாரு எவருன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். தேடல. கண்ண மூடிக்கிட்டு ஒட்டுனேன்னே வச்சுக்கிடுங்க. கேட்டா சாரோட சட்டம்னு சொல்லிருவேன். பயந்தவனுக்கு ஒழுக்கம் மாதிரி ஒரு மறைவு வேற எங்க கெடைக்கும்.

அண்ணாச்சியோட ஆசை என்னன்னா, மேற்கு மலையில ஈர மண்ணுக்குள்ள ஒரு பிராணி கெடக்கு, பாத்தா பெரிய மண்புழுன்னு நெனைப்பீங்க, ஆனா தவளைச் சாதி, காலு மட்டும் கிடையாது. முட்டை போட்டா அதச் சுத்திச் சுருண்டு படுத்துக்கிட்டு, பொரிக்கிற வரைக்கும் நகராது. தவளைச் சாதிக்கு ஆக்சிடோசின் கிடையாது, அதுல ஒரு மணி மாறுன தம்பி மாலைதான் உண்டு. அண்ணாச்சி சொல்லுவாவ, "ஏ கோமதி, இம்புட்டுப் பாசமா முட்டையக் கட்டிக்கிட்டுக் கெடக்கே, இதுகிட்ட தாய் மணி இல்லாமலா இருக்கும்? இருக்கும்டே. நாமதான் பாக்கல." மைனிக்கும் அண்ணாச்சிக்கும் பிள்ளை இல்ல. மரத்துல ஒரு கிளை கோடு மாதிரி நேராப் போயி, பிரியாமலே நின்னுரும் பாருங்க, அப்படி. இத ஏன் இப்ப நெனைச்சேன். நானூத்திநாலு. சார் போன வாரம் சொல்லிட்டாவ, மரம் நல்லா வந்தா திங்கக்கிழமை கட்டுரை போயிரும், முதல் பேரு சொரிமுத்து, படத்த மைனிகிட்ட நீயே காட்டிருடேன்னு. மைனி மூணு வருஷமா வார்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்காவ, எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்ச ஜீன்னு. வலியில கெடக்க பிள்ளைங்ககிட்டக்கூட. இல்லாத ஒண்ண.

இல்லன்னு யாரு சொன்னா? இன்னும் மரமே வரல. வாயக் கட்டு கோமதி. ஆனா என் வாயி என் பேச்சக் கேக்காது. அஞ்சாம் கிளாஸ்ல ஹெட்மாஸ்டர் தும்முத மாதிரியே தும்மிக் காட்டுனேன், அன்னைக்குப் பிடிச்ச சனி. அம்பது கோடி வருஷத்துக்கு முந்தி ஏதோ ஒரு மீனுக்குள்ள இந்த ஜீன் ஒண்ணே ஒண்ணுதான் இருந்திருக்கும், பாத்து எழுதையில கை நழுவி ரெண்டு தடவ எழுதியாச்சு. ஒரு பிரதி பழைய வேலையப் பாத்துச்சு. இன்னொரு பிரதிக்கு வேலையே இல்ல, அதனால அது என்ன வேணும்னாலும் ஆகலாம், கூத்தடிக்கலாம், மணிய மாத்தி மாத்திக் கோக்கலாம். நான் ரெண்டாவது பிரதி. என் தொண்டைக்குள்ள குறைஞ்சது நாப்பது பேரு குடியிருக்காங்க, வாடகை கிடையாது. ஞானதிரவியம் சார்னா, தொண்டைய ரெண்டு தடவ செருமணும், மூணாவதுக்கு வாயத் தெறந்து, செருமாம, நிறுத்திரணும். அந்த நிறுத்துல இருக்கு பாருங்க, அதான் சார். செருமல எவனும் செருமிருவான். செருமாத இடத்தச் செய்யணும். அண்ணாச்சி கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாவ, "ஏ பாவி, சார் ரூம்ல இருக்காவடே." அண்ணாச்சி குரலும் எனக்கு வரும். வராம என்ன. மூக்கால ஒரு இழு, கடைசி வார்த்தைய முழுங்காம வாயிலயே வச்சுக்கிட்டு இருக்கது. அவரு செத்த எட்டாம் நாள் கேன்டீனுக்குப் போனேன், "ஏ சங்கிலி, டீ ஒண்ணு, சீனி கம்மி"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் செய்யணும்னு செய்யல. டீ மாஸ்டர் கையில இருந்த டீ ஆத்துத கப்பு அந்தரத்துலயே நின்னுது, டீ மட்டும் தரையில ஊத்துது, அவன் திரும்பிப் பாக்கல, பாக்க மாட்டேங்கான், முதுகக் காட்டிக்கிட்டே "யாரு"ங்கான். எனக்குச் சீனி கம்மி கிடையாது. நான் ரெண்டு ஸ்பூன் போடுதவன். அன்னையில இருந்து வாயத் தெறக்கும்போதெல்லாம் யாரு வரப்போறாவன்னு ஒரு பயம். மிமிக்ரி செய்யச் சொன்னா தொண்ட சரியில்லன்னு சொல்லிருதேன். பொய்யில்ல. தொண்ட சரியில்லதான். அதுல ஒருத்தரு போக மாட்டேங்காரு.

அறுநூத்தி முப்பது. வேகம் பிடிச்சிட்டு. நிப்பாட்டிரலாமா? பிளக்கப் புடுங்குனா, கரண்ட் போச்சு மைனி, நாளைக்கு வாங்கன்னு சொல்லலாம். நாளைக்கு வருவாவ. நர்ஸுல்லா, வலி நின்னுட்டுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாவ, கூடவே உக்காந்திருப்பாவ. மூணு வருஷத்துக்கு முந்தி, அந்தப் போன் பண்ணுன அன்னைக்கும் புதன்கிழமை, மழை. பன்னெண்டு மணி. அண்ணாச்சி லேப்ல, நான் இந்த ரூம்ல, நடுவுல ஒரு சுவரு. எனக்கு வேலை இல்ல. வேலை இல்லாத பிரதி. இன்டர்காம எடுத்தேன். ஹ்ம். ஹ்ம். நிறுத்து. "சொரிமுத்து, அந்தக் காலில்லாத சமாச்சாரம் என்னாச்சு? டெல்லியில இருந்து கமிட்டி ஆளு வாரான். நாலு மணிக்கு எனக்குப் படம் வேணும்." அந்தப் பக்கம் மழைச் சத்தமும் மூக்க உறிஞ்சுத சத்தமும். பெறகு "சரி சார்." போன வச்சாச்சு. பத்து நிமிஷத்துல உள்ள போயி, "எத்தன மணிக்கு சார் படம்"ன்னு கேட்டு, அவரு என்னைய வெரட்டி வந்து நோட்ட வச்சு அடிக்கணும், அதான் திட்டம். எல்லாத் தமாசுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்த நான் ஒரு நாளும் தவற விட்டதில்ல. உள்ள போனேன். அவரு அதுக்குள்ள டியூப்பெல்லாம் மூடி தெறந்து வரிசையா ஐஸ்ல வச்சுட்டாவ. சளி வேற, மூக்க உறிஞ்சிக்கிட்டு. கிளவுஸ் டப்பா காலி. வெறுங்கை. சாப்பாட்டுக் கேரியர் தெறக்காம ஜன்னல்ல இருக்கு. "ஏ கோமதி, சார் நாலு மணிக்குக் கேக்காவடே, நகரு நகரு"ன்னாவ. அந்த மொகத்துல அப்படி ஒரு மும்முரம். நான் பக்கத்துல போயி நின்னு, குனிஞ்சு. சரி. நின்னேன். சொல்ல வாயெடுத்தேன், சொல்லல. நேரம் தாண்டிட்டு. நேரம் தாண்டுன தமாசுக்குப் பேரு பொய்யி.

தண்ணிதான். டியூப்ல உள்ள ஜீன மெஷின்ல போட்டுப் பெருக்கி, ஜெல்லுங்கற கூழ்ப் பலகையில குழி குழியா ஊத்திக் கரண்ட் விட்டா, ஜீன் இருக்க குழிக்குக் கீழ வெள்ளையா ஒரு பட்டை தெரியும். எப்ப ஜெல் ஓட்டுனாலும் கடைசிக் குழியில எந்தப் பிராணியும் சேக்காத, வெறும் தண்ணி விட்ட டியூப்ப ஊத்தணும். அது எங்க வேலையில உப்பு மாதிரி. தண்ணியிலயும் பட்டை வந்துட்டா, எங்கயோ அழுக்கு சேந்துட்டு, எல்லாம் பொய்யின்னு அர்த்தம். தண்ணி சுத்தமா இருந்தா மத்தத நம்பலாம். அன்னைக்கு மூணே காலுக்கு அவரு ஜெல்லுல ஒவ்வொரு குழியா ஊத்திக்கிட்டே வந்தாவ, கடைசிக் குழிக்கு முன்னால மணியப் பாத்தாவ, கரண்ட்டப் போட்டுட்டாவ. தண்ணி டியூப்பு ஐஸ்லயே நின்னுது. நான் பாத்தேன். எனக்குத் தெரியும். நாலு மணிக்குப் படம் வந்துது, அந்தப் பிராணியோட ஆறாவது குழிக்குக் கீழ ஒரு பட்டை, வெள்ளையா, பளிச்சுன்னு, எந்த இடத்துல வரணுமோ அந்த இடத்துல. ஏழாவது, தண்ணிக்குன்னு விட்ட குழி, கருப்பு. "வந்துட்டுடே! இருக்குன்னு சொன்னேம்லா!"ன்னு என்னையக் கட்டிப் பிடிச்சாவ, மூக்குச் சளி என் சட்டையில. நானும் குதிச்சேன். சார் மறுநாள் காலையில மேசையில படத்தப் பாத்தாவ, ரயிலுக்கு நேரமாச்சு, ஏதோ கருத்தரங்கு, "தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்கு பாருடே"ன்னு ஏழாவதத் தட்டிக் காட்டிட்டுப் படத்தோட போயிட்டாவ. அண்ணாச்சி "சார், அது வந்து"ன்னு ஆரம்பிச்சது கதவுக்குத்தான் கேட்டுது. சுத்தமில்ல சார். ஊத்தவே இல்ல. காலியா இருக்கதும் சுத்தமா இருக்கதும் படத்துல ஒரே கருப்புதான். அந்தப் போனப் பத்தி அண்ணாச்சி சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அன்னைக்கே மாட்டியிருப்பேன், கேக்கல, நான் குலதெய்வத்துக்குக் கும்பிடு போட்டேன். திங்கக்கிழமை திருப்பி ஓட்டிருவோம்னு அண்ணாச்சி சொன்னாவ. அந்தத் திங்கக்கிழமை அந்தப் பிராணியோட சாம்பிள் தீந்துட்டு, அடுத்த திங்கக்கிழமை பரீட்சை, அதுக்குள்ள சாரு கருத்தரங்குல சொல்லியே முடிச்சாச்சு. பட்டைய மட்டும் வெட்டி எடுத்து இந்தக் குட்டி டியூப்ல அடைச்சு வச்சாவ. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கும்போது நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவளாம். சட்டை கருகுத வாசம் வந்துதான் மைனி அடுப்படியில இருந்து ஓடி வந்துருக்காவ. துட்டி வீட்டுல சார் எல்லார் முன்னாலயும் சொன்னாவ, சொரிமுத்து ஒரு ஜீன் கண்டுபிடிச்சிட்டுத்தான் போயிருக்கான்னு. மைனி அப்பத்தான் மொத மொதலா அழுதாவ. நான் தண்ணி டியூப்ப நெனைச்சுக்கிட்டு நின்னேன்.

ஆயிரம். எப்ப ஆச்சு? மணி மூணு அம்பது. மரம் வந்து நிக்கி. பாக்க மாட்டேன். பாத்துட்டேன். கீழ நத்தை, சரி. மேல ரெண்டு பெரிய கவட்டை, தண்ணிக் குடும்பம் ஒரு பக்கம், பால் குடும்பம் ஒரு பக்கம், சரி. பால் குடும்பத்துல மீனு தனி, தவளை தனி, பதினேழு தவளைகிட்ட இல்ல. இல்ல. எங்க? மேல, மேல, எலிக்கும் மேல, மாட்டத் தாண்டி, ஒரு நுனியில நாலாம் நம்பரோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. பக்கத்துல நூத்துக்கு நூறுன்னு எழுதியிருக்கு. ஆயிரம் பந்தியிலயும் ரெண்டு பேரும் ஒரே இலை. கவர்ல அடிச்ச பின்னப் புடுங்கும்போது வெரல்ல குத்திட்டு. நாலாம் நம்பர், மனுஷன். தெரியும், நான்தான எழுதுனேன், இருந்தாலும் தாள்ல பாத்தேன். மனுஷன். எழுத்துக்கு எழுத்து வச்சுப் பாத்தேன், ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்து மெஷின் செஞ்ச பிழையா, இல்ல அந்த ஆளுக்கே உள்ளதா, சொல்ல முடியாது. மண்ணுக்குள்ள சுருண்டு கெடக்கது இல்ல இது. ஒரு ஆளு. வெறுங்கையோட, சளியோட, மூடியத் தெறந்து வச்சுக்கிட்டு. அண்ணாச்சி, நீங்களா? மூணு வருஷமா அந்த ஃப்ரீசர்க்குள்ள நீங்களா இருந்தீய? தொண்டைக்குள்ள மூக்கால ஒரு இழு இழுக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

மைனி குடைய வாசல்லயே மடக்கிட்டு உள்ள வந்தாவ, நான் மேசையில கைய ஊனி நின்னேன். "என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிய? படம் வந்துட்டா?" வந்துட்டு மைனி. உக்காருங்க. "உக்காந்து உக்காந்து என்னத்த, ராத்திரி பூரா நின்ன காலு, உக்காந்தா எந்திரிக்காது. எங்க, காட்டுங்க. அவரு எங்க இருக்காரு?" நாலாம் நம்பருக்குப் பக்கத்துலன்னு கைய நீட்டுனேன். கைய நீட்டுனா போதும், எல்லாக் கிளையும் ஒண்ணு போலத்தான் இருக்கு, நம்பருதான் இருக்கு, மைனிக்கு எது தவளை எது மனுஷன்னு தெரியாது, இந்தா இதுதான் மைனி, தவளைக்குப் பக்கத்துல, தாய் மணி, நல்லா வந்துருக்குன்னு சொன்னா முடிஞ்சுது. திங்கக்கிழமை கட்டுரை. முதல் பேரு. ஏழாவது குழிய யாரு பாத்தா. நான் பாத்தேன். "மைனி, அது அந்தப் பிராணி இல்ல." என் குரல்தானான்னு ஒரு தடவ சோதிச்சுக்கிட்டேன், என் குரல்தான், ரொம்ப சாதாரணமான குரலு. "அது மனுஷன். அன்னைக்குக் கிளவுஸ் இல்ல. கையில இருந்தோ மூச்சுல இருந்தோ டியூப்ல விழுந்துருக்கு. தண்ணி ஊத்திப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், ஊத்தல, ஊத்தலன்னு எனக்குத் தெரியும், நான் சொல்லல." மைனி ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாவ. "கிளவுஸ் போடலையா இந்த மனுஷன்?"ன்னாவ. வார்டுல டிரெய்னிங் பிள்ளைங்கள ஏசுத குரலு. "வீட்டுலயும் வெளிய இருந்து வந்தா கை கழுவ மாட்டாரு. பதினெட்டு வருஷமாக் கத்துனேன்." நான் தப்பிச்சிருக்கலாம் அதோட. வாயி நிக்கல. "அவசரப்படுத்துனது நான் மைனி. சார் குரல்ல போன் பண்ணுனது நானு. டெல்லிக்காரனும் வரல, எவனும் வரல."

"அது தெரியும்லா." தெரியுமா? யாருக்கு? "அவருக்குத்தான். அன்னைக்குச் சாயந்தரம் வந்து புளிச்ச தோசையத் தின்னுக்கிட்டே சிரிச்சாரு. சாரு அன்னைக்கு நாகர்கோயில்ல கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாராமே? காலையில பஸ் ஏத்தி விட்டதே இவருதானாம்." அப்ப ஏன், அப்ப எதுக்கு மைனி, சாப்பிடாமக்கூட. மைனி முந்தானைய வச்சு மூக்கத் துடைச்சாவ. "நானும் கேட்டேன். பய நாடகம் போடுதான், நாடகம் போட்டா நடிக்கதுக்கு எதிர்ல ஒரு ஆளு வேண்டாமான்னாரு. பாதியில சிரிச்சுட்டா அவன் மொகம் வாடிரும்னாரு. நீங்க பேசுததுக்கு முன்னால சிரிப்ப அடக்கி ஒரு மூச்சு விடுவீயளாம் தம்பி, அதுலயே மாட்டிக்கிடுவீயளாம். உங்களுக்குத் தெரியாதாம், உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வேற." இருவத்திரெண்டு வருஷத்து வித்தைக்குள்ள ஒரு ஓட்டை, ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல. அதையும் தாண்டி வேற என்னமோ ஒண்ணு, என்னது அது, நெஞ்சுக்குள்ள எலி மாதிரி. மைனி ஸ்கிரீன விட்டுட்டு என்னையப் பாத்தாவ. "இல்லாதத இருக்குன்னு அவரு சொல்ல மாட்டாரு. நீங்களும் சொல்லாதீங்க. சார்கிட்ட நான் பேசிக்கிடுதேன், வார்டுல கேட்டா நானே சொல்லிக்கிடுதேன், என்ன, நாலு நாள் சிரிப்பாளுவ." பெறகு குரலு இறங்கிட்டு. "மிச்சம் இருக்கா?" எது மைனி? "கம்பெனிக்குக் கொஞ்சம்தான அனுப்புனீய. மிச்சம் இருக்கான்னு கேக்கேன்."

ஃப்ரீசரத் தெறந்தா மொகத்துல வெள்ளையா அடிக்கி. மூணாவது தட்டு, நீல டப்பா, கடைசி வரிசை. சுண்டு வெரல் நகக்கண்ணு அளவுக்கு அடியில ஒரு பொட்டு ஐஸு. மைனி கைய நீட்டுனாவ, குடுத்தேன், வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாத்தாவ, வார்டுல மருந்துக் குப்பியப் பாக்காப்புல. "இம்புட்டுத்தானா." அது அவரு இல்ல மைனி, மெஷின்ல போட்டுப் பெருக்குன பிரதி, கோடிக்கணக்குல இருக்கும், எல்லாம் பிரதிதான். "எழுத்து?" எழுத்து அந்த ஆளுக்குள்ளதுதான். "அது போதும்"ன்னு கைய மூடிக்கிட்டாவ. அப்பத்தான் அந்த எலி வெளிய வந்துது. உள்ள போயி பக்கத்துல நின்னேன், குனிஞ்சேன், மூடி தெறந்த டியூப்பு வரிசையா ஐஸ்ல, அவரு மும்முரத்தப் பாத்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துது, வாயப் பொத்துனேன், பொத்துன வெரலுக்கு நடுவுல வெடிச்சு, புஸ்ஸுன்னு, எச்சிலோட, அவரு திரும்பி "என்னடே"ன்னாவ, தும்மலு அண்ணாச்சின்னேன். அந்த மூச்சு. ஆறாவது டியூப்புக்கு நேரா. மனுஷன்னு மட்டும்தான் மரம் சொல்லும். எந்த மனுஷன்னு சொல்லாது. அந்த ஒரு எழுத்து யாரோடது? என் வெரல்ல குத்துன இடத்துல ரத்தம் இன்னும் காயல, ஒரு சொட்டு அனுப்புனா ஒரு வாரத்துல தெரிஞ்சிரும். "மைனி"ன்னேன். "என்ன தம்பி?" குடுங்க மைனி, உருகிரும். "உருகட்டும்"ன்னாவ. சொல்லு கோமதி, இப்ப, இந்த நேரந்தான், இதத் தாண்டுனா. மைனி மொகத்துல மூணு வருஷமா இல்லாதது ஒண்ணு வந்து உக்காந்திருந்துது. நான் வாயத் தெறந்தேன். செருமாத இடத்துல நிறுத்துனேன்.

வாசல் கேட்டு வரைக்கும் கூடப் போனேன். தூறல். குடைய விரிச்சுத் தரட்டான்னு கேட்டேன், வேண்டாம், இந்தா பஸ்ஸு வந்துட்டு, இடுக்கிக்கிட்டே ஏறிருதேன்னாவ. கூட்டம். கண்டக்டர் "உள்ள போங்கம்மா, ரெண்டு கையாலயும் பிடிங்க, பள்ளம் கெடக்கு"ன்னு கத்துனான். மைனி வலது கையால கம்பியப் பிடிச்சு ஏறுனாவ. இடது கை மூடியே இருந்துது.